பெற்றோருக்குப் பெற்றோரே துணை

பீடோர் வட்டாரத் தோட்டங்களில், ஓயாது ஓடும் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளையையும் கண்டு, “வளர்ப்புச் சரியில்லை” எனக் கூறுவோர் உண்டு. அச்சொல்லுக்கு அஞ்சித் தாய்மார் சிலர் சிகிச்சையையே மறைக்கின்றனர். மிகைத் துடிப்பும் ஆட்டிசமும் மூளை வளர்ச்சியைச் சார்ந்தவை, தாயின் குற்றமல்ல. இதனை மருத்துவரும் கூறுவார். ஆயினும் அதே துன்பத்தில் உழன்ற மற்றொரு தாய் கூறும்போதே மனம் ஏற்கிறது. கதவுத் தாழை எந்த உயரத்தில் வைப்பது, பால்வெட்டுக்குச் செல்லும் விடியலில் பிள்ளையை எவரிடம் விடுவது என்பனவற்றையும் அவரே அறிவார்.

1984இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் சமூகநல இலாகா தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வுத் திட்டம், பிள்ளைகளின் பயிற்சியில் பெற்றோரையும் பங்குகொள்ளச் செய்கிறது. அருகிலுள்ள நிலையம் குறித்துத் தாப்பாவிலுள்ள மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே அங்குள்ள பெற்றோர் ஒருவரிடமேனும் பேசுங்கள்; தந்தையும் உடன் செல்லட்டும்.