முழங்கால் வலியும் உடற்பயிற்சியும்

உடம்பைப் பேணுவதும் வழிபாட்டின் ஓர் அங்கம் என்பது திருமூலர் காட்டிய நெறி. எமது ஊவாத் தோட்டங்களில் கூடை சுமந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த தாய்மார் பலர், இன்று கோயிற்படி ஏற இயலாமல் கீழே நின்றே கும்பிடுகின்றனர். "மூட்டு தேய்ந்துவிட்டது, இனி நடக்கக்கூடாது" என்று முடங்கிவிடுகின்றனர். இது தவறாகும்.

எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பே தேய்கின்றது. நடமாட்டம் குறைந்தால் தொடைத் தசை மெலிந்து, மூட்டின் மீது சுமை கூடி, வலி வளரும். ஆகவே பயிற்சியே முதல் மருந்து. டென்மார்க்கில் 2013 இல் தொடங்கிய 'கிளாட்' திட்டமும் வாரம் 2 முறையாக 6 வாரங்கள் பயிற்சியே அளிக்கின்றது.

கதிரையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 வினாடி நிறுத்தி, மெல்ல இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் 10 முறை செய்க. பின்னர் கதிரையிலிருந்து மெதுவாக எழுந்து அமர்ந்து பழகுக. பயிற்சியால் எழும் சிறுவலி மறுநாளைக்குள் தணிந்தால் அஞ்ச வேண்டாம். மூட்டு வீங்கிச் சிவந்தாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே வைத்தியரை நாடுக.

தனியே செய்யும் பயிற்சி விரைவில் அலுத்துவிடும். அதனாலேயே வெளிநாடுகளில் இயன்மருத்துவர்கள், 2006 இல் வெளிவந்த 'நின்டெண்டோ வீ' போன்ற, உடலை அசைத்து ஆடும் திரை விளையாட்டுகளையும் பயன்படுத்தினர். எமக்கோ கும்மியும் கோலாட்டமும் உண்டு. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் தாய்மார் மண்டபத்தில் கூடி, குதிக்காமல், ஆழக் குனியாமல், மெல்ல அடியெடுத்து ஆடலாமே!

அடுத்த திருவிழாவில் அனைவரும் படியேறி அம்பாளைத் தரிசிப்போமாக.