தொட்டி மல்லிகையில் இலை மஞ்சளித்தல்

பூவின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய பூவிருந்தவல்லியை அடுத்திருப்பது குமணன்சாவடி. இவ்வட்டாரத்தில் கொல்லையில்லாத அங்கத்தினர்கள் வாசற்புறத்திலோ மொட்டை மாடியிலோ தொட்டியில் மல்லிகை வளர்ப்பதுண்டு. நவம்பர் இறுதியில் கவாத்து செய்த செடி நன்கு தழைத்தால்தான் மார்ச்சு முதல் பூக்கும். இடையில் இலை மஞ்சளித்துவிட்டால் அவ்வாண்டுப் பூ குறைந்துபோகும். உடனே எருவை அள்ளிப் போடுவது நம்மவர் வழக்கம். வேர் அழுகிய செடிக்கு எருவிடுதல், காய்ச்சல் கண்டவனுக்கு விருந்து படைப்பது போன்றதேயாகும்.

ஆதலின் முதலில் மண்ணைச் சோதிப்போம். விரலை இரண்டு அங்குல ஆழம் விட்டுப் பார்க்குமிடத்து மண் சொதசொதவென்றிருந்து, புளித்த நாற்றமும் வீசினால் நோய் வேரில் உள்ளது. மழைக்காலம் கழிந்தபின் இது மிகுதி; தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கும். துளையைத் திறந்து, அழுகிய வேரை நறுக்கி, மணல் கலந்த புது மண்ணில் மாற்றி நடுதல் வேண்டும்.

மண் செம்மையாயிருந்தால், மஞ்சள் எங்கே தொடங்கிற்று என்று நோக்குக. அடியிலைகள் ஒன்றிரண்டு பழுத்துதிர்வது இயற்கை. அவை பலவும் ஒருசேர வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. செடி முதிய இலையிலுள்ள சத்தை எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. மக்கிய தொழுவுரம் இட்டால் போதும்.

நம் பக்கத்தில் ஏமாற்றுவது தளிரில் தொடங்கும் மஞ்சளே. நரம்புகள் பச்சையாயிருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகி, நாளடைவில் தளிர் முழுதும் வெளுக்கும். இஃது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமையன்று; உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றுவதால், உள்ள இரும்பும் வேருக்கு எட்டாமற் போகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் ஐயம் வேண்டா. இரும்பு இலையிலிருந்து இலைக்கு எளிதில் நகராதாகையால் தளிரே முதலில் வாடுகிறது.

இதற்கு மருந்து அன்னபேதி. நெசவாளர்க்கு இதனை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கடுக்காயுடன் சேர்த்து நூலுக்குக் கருஞ்சாயம் ஏற்றிய அதே சரக்குதான். இரும்பின் உப்பு வெளிறிய இலையைப் பச்சையாக்கும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் ஒருவர் 1840-களிலேயே செய்து காட்டினார். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் கரைத்து, மாலை வேளையில் இலையின் இருபுறமும் தெளித்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தொடரலாம். பச்சை நிறப் படிகமாகப் பார்த்து வாங்குக. துருப்பிடித்தாற்போல் பழுப்பேறியது பயன்படாது. தெளிக்கும்போது அருகில் வெள்ளைத் துணி உலர்ந்துகொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள், கறை போகாது.

இலையில் ஊசிமுனைப் புள்ளிகளாக மஞ்சள் தோன்றி, அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை தென்பட்டால் சத்துக் குறைவன்று, சிவப்புச் சிலந்திப் பேன். அடிப்புறத்தை நீர் பீய்ச்சிக் கழுவுக. அடங்காவிடில் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்தபின்.

அன்னபேதியால் தேறிய செடிக்கும் மீண்டும் அதே கிணற்று நீரையே ஊற்றினால் மஞ்சள் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைநீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால், தொட்டிச் செடிகளுக்கு வாரம் ஒருமுறையேனும் அதனை ஊற்றலாம்.