கொண்டைக்குருவியின் கூடு

கரிய தலை, சிறிய கொண்டை, வாலின் அடியில் செந்நிறத் திட்டு. இவற்றைக் கொண்டு கொண்டைக்குருவியை எளிதில் அடையாளம் காணலாம். தமிழில் இதற்குச் சின்னான் என்னும் பெயரும் உண்டு. தில்லி, போபால், நாகபுரி முதலிய ஊர்களில் வாழும் நீங்கள், அண்டை வீட்டார் இதனைப் ‘புல்புல்’ என்று அழைக்கக் கேட்டிருப்பீர்கள். பெயர் வேறாயினும் பறவை ஒன்றே. தமிழ்நாட்டில் தாத்தா வீட்டு வேலியில் கூவுவதும் இவ்வினந்தான்.

செம்பருத்தி, மருதாணி, எலுமிச்சை போன்ற கொல்லைப்புறச் செடிகளில் இது கூடு கட்டும். மாடத்துத் தொட்டிச் செடியிலுங்கூடக் கட்டுவதுண்டு. மெல்லிய குச்சி, வேர், சிலந்தி நூல் ஆகியவற்றால் கிண்ணம்போல் அமையும் அக்கூடு, பல நேரங்களில் நம் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கும். அதுவே அதற்கு ஆபத்தாகவும் முடியும்.

இப்பறவை பெரும்பாலும் 2 அல்லது 3 முட்டைகள் இடும். அவை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பொரிந்த குஞ்சுகளுக்கு இறகு இராது, கண்களும் திறந்திரா. தாயும் தந்தையும் மாறிமாறிப் பூச்சிகளைக் கொணர்ந்து ஊட்டும். ஏறக்குறைய 12 நாள்களில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறும். ஆக, இப்பறவை நம்மிடம் வேண்டுவது ஒரு மாதப் பொறுமையே.

காலையில் பெற்றோர் அலுவலகத்திற்கு விரைவர்; நீங்கள் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவீர்கள். மாலையில் வீட்டுப்பாடம் காத்திருக்கும். இதற்கிடையில் பறவையைக் கவனிக்க நேரம் ஏது? ஐந்து நிமிடம் போதும். சன்னலுக்குப் பின்னால் அசையாமல் நின்று பாருங்கள். எத்தனை முறை உணவு வந்தது? என்ன உணவு? நாள், நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதுங்கள். சென்னையில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன், கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை எழுதிவந்தார். காக்கை, அணில் போன்ற அன்றாட உயிர்களையும் அவர் கூர்ந்து நோக்கினார்.

நம் பரபரப்பே சில வேளை கூட்டுக்குப் பகையாகும். பண்டிகைக்கு முன் தோட்டத்தைச் சீர்செய்வோர், கூடு இருப்பதை அறியாமல் கிளையை வெட்டிவிடுவர். எனவே தோட்டக்காரரிடம் முன்னரே சொல்லிவையுங்கள். துணிக்கொடியைச் சில நாள் வேறிடத்தில் கட்டச் சொல்லுங்கள். கூட்டின் அருகே அடிக்கடி செல்லாதீர்கள். படம் எடுப்பதற்காக இலைகளை விலக்காதீர்கள். நாம் விலக்கிய இடைவெளி வழியே காக்கையும் பூனையும் கூட்டைக் கண்டுகொள்ளும்.

இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்தால், பெரியவர் துணையுடன் மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. இறகு முளைத்துத் தத்திச் செல்லும் குஞ்சோ பறக்கப் பழகுகிறது. அதன் பெற்றோர் அருகிலேயே இருக்கும். அதனை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பெற்றோரிடமிருந்து பிரித்தவர் ஆவோம். பூனை வாராமல் பார்த்துக்கொள்வதே போதும். இப்பறவையைப் பிடித்து வளர்ப்பதையும் அதன் கூட்டைச் சிதைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது.

எவ்வளவு காத்தாலும் சில கூடுகள் பிழைப்பதில்லை. காக்கைக்கும் குஞ்சுகள் உண்டு. அவற்றுக்கும் பசி உண்டு. நம்மால் ஒரு கூடு அழியாதிருக்கச் செய்வதே நம் கடமை. கூட்டை இழந்த கொண்டைக்குருவி மீண்டும் கட்ட முயலும். அதற்கு ஒரு செடியேனும் வேண்டும்.

சொற்பொருள்
கொணர்ந்து – கொண்டுவந்து
வேண்டுவது – கேட்பது
அண்டை வீட்டார் – பக்கத்து வீட்டினர்
சிதைத்தல் – அழித்தல்

பயிற்சி
1. கொண்டைக்குருவியின் கூடு எவற்றால் அமைகிறது?
2. கூட்டை மறைக்கும் இலைகளை ஏன் விலக்கலாகாது?
3. கீழே கிடக்கும் குஞ்சு இறகு முளைத்ததாயின் என்ன செய்வாய்? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: இவ்வினம், அக்கூடு.

செயல்பாடு
ஊரிலுள்ள தாத்தா அல்லது பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, ஐந்து பறவைகளின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவை உன் ஊர் மொழியில் எவ்வாறு அழைக்கப்படுகின்றன என்பதையும் எதிரே குறிப்பிடுக.