மோதிரத்தில் மணி பதிக்கும் முறை

மணியின் நிறத்தையும் விலையையும் ஆராய்வோர் பலர்; அது பொன்னில் எவ்வாறு இருத்தப்படுகிறது என்பதை ஆராய்வோர் சிலரே. பாட்டியார் அளித்த மரகதம் பேத்தியின் கையில் உடைவதும், மாணிக்கம் வழியில் உதிர்ந்து மறைவதும் பல வேளைகளில் இக்கவனக் குறைவின் விளைவேயாம். ஆதலின் பதிக்கும் முறையைத் தேரும் நெறியை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

1. மணியின் இயல்பு

மோஸ் என்னும் அறிஞர் வகுத்த கடின அளவில் வைரம் 10. மாணிக்கம், நீலம், கனகபுஷ்பராகம் ஆகியவை 9. மரகதம் ஏழரை முதல் 8 வரை. முத்தும் பவளமும் 4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ அமைவன. காற்றிற் பறக்கும் புழுதியில் 7 கடினமுள்ள படிகத் துகள்கள் உள்ளன. அதனினும் மென்மையான கற்கள் நாளடைவில் தேய்ந்து ஒளி மங்கும்.

கடினம் வேறு, உறுதி வேறு. கீறலுக்கு அஞ்சாத வைரமும் குறித்த திசையில் அடிபட்டால் பிளவுறும். மரகதத்தில் இயற்கையாகவே உள்வெடிப்புகள் மிகுதி. அவற்றை எண்ணெயூட்டி மறைப்பது வணிகரிடை நெடுநாள் வழக்கம். எனவே அதற்கு வெந்நீர் ஆகாது.

2. பதிக்கும் வகைகள்

பொன் நகங்கள் நான்கோ ஆறோ கல்லைக் கவ்வி நிற்பது ஒரு வகை. ஒளி நன்கு புகுவதால் வைரத்திற்கு இது ஏற்றது. ஆயினும் நகம் சேலை நூலில் மாட்டும். தேய்ந்தால் கல் உதிரும்.

கல்லின் விளிம்பைச் சுற்றிப் பொன் தகட்டால் அணைப்பது மற்றொரு வகை. ஒளி சிறிது குறையினும் காப்பு மிகுதி. நாள்தோறும் இல்லப் பணி புரியும் கைக்கும், மரகதத்திற்கும் இதுவே நன்று.

அடிப்புறம் மூடி, உள்ளே ஒளிர்தகடு வைத்துக் கட்டுவது மூன்றாம் வகை. இதில் நிறம் மிகுந்து தோன்றும். ஈரம் புகுந்தால் தகடு கறுக்கும். குறையும் மறையுமாதலின், பதிக்குமுன் கல்லைத் தனியே வெளிச்சத்திற் காணுதல் இன்றியமையாதது.

3. பொன்னின் தரம்

22 காரட்டில் தூய பொன் 91.6 விழுக்காடு; 18 காரட்டில் 75 விழுக்காடு. பின்னது கடினமானது, மெல்லிய நகங்களுக்கு ஏற்றது. ஹால்மார்க் முத்திரை பொன்னின் தரத்திற்கே சான்று, கல்லுக்கு அன்று. கல்லுக்குத் தனிச் சான்றிதழ் பெறுதல் வேண்டும்.

4. முத்தும் பவளமும்

இவை மண்ணில் விளைந்தவை அல்ல; நீர்வாழ் உயிர்களின் உடலினின்று பெறப்படுபவை. வளர்ப்பு முத்திற்கும் சிப்பியைத் திறந்தே கரு வைக்கின்றனர். கொல்லாமையைப் போற்றும் நம் இல்லங்கள் இதனை அறிந்து தெளிதல் தகும்.

5. பேணும் முறை

மோதிரத்தைச் செவியருகே மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒலி கேட்பின் கல் தளர்ந்துள்ளது. உடனே பொற்கொல்லரிடம் காட்டுக. ஆண்டிற்கொரு முறையேனும் நகங்களைச் சோதிக்கச் செய்க.

அணி பிறர் கண்ணுக்கு. காப்பு நம் பொறுப்பு. முன்னோர் தந்ததை மக்களிடம் பழுதின்றி ஒப்படைக்க விழைவோர், அழகினை இரண்டாவதாகவும் காப்பினை முதலாவதாகவும் கொள்வாராக.