விசுவாசமும் நலம்பெறும் நம்பிக்கையும்

நிலத்தில் விழுந்து, வாயில் நுரைதள்ளித் துன்புற்ற மகனை இயேசுநாதரிடம் அழைத்து வந்த ஒரு தந்தையை மாற்கு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் காட்டுகிறது. தமது விசுவாசத்தையும் அதன் குறையையும் அவர் ஒருசேர அறிக்கையிட்டார். குறையுள்ள அந்த விசுவாசத்தை இயேசுநாதர் தள்ளிவிடவில்லை, சிறுவன் நலமடைந்தான்.

ஆயினும், மன்றாடியும் வலிப்பு நீங்காதோர் பலர். அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று பிறர் கூறும் சொல், நோயினும் கொடியது.

ஜெர்மனியில் பீலஃபெல்டு நகரருகே வலிப்பு நோயாளிகளுக்கென 1867-இல் ஓர் இல்லம் தோன்றியது. அதன் பெயர் பெத்தேல்; ‘இறைவனின் வீடு’ என்பது பொருள். 1872-இல் அதன் பொறுப்பை ஏற்ற போதகர் ஃபிரீட்ரிக் வான் போடல்ஷ்விங், 1869-இல் தம் நான்கு குழந்தைகளையும் இரு வாரங்களுக்குள் நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் நோயாளிகளுக்கு வழிபாட்டுடன் குடும்பம் போன்றதொரு வாழ்வையும், வயலிலும் பட்டறையிலும் வேலையையும் அளித்தார்.

வலிப்பு, மூளையின் மின் இயக்கம் சீர்குலைவதால் வருவது, பாவத்தின் தண்டனையன்று. முறையான மருந்தினால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும். ஆதலால் மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமாகாது. எஞ்சியோருக்கும் நம்பிக்கை உண்டு: நோய் நீங்கினும் நீங்காவிடினும் இறைவன் தம்மைக் கைவிடுவதில்லை என்னும் உறுதியே அது. அருகிலிருப்போரின் அன்பே அவ்வுறுதியை அவர்களிடம் வளர்க்கும்.