அப்பாயி எந்த நாட்டவர்?

"உன் அப்பாயி சிலோன் அகதியா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். விடை தெரியாமல் விழித்தேன். பின்பு கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் முதலிய வறண்ட பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் இலங்கை சென்று, முதலில் காப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். தலைமுறைகள் கடந்தும் அங்கே அவர்கள் 'இந்தியாக்காரர்' என்றே கருதப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாக ஏற்க 1974இல் உடன்பாடு கண்டனர்.

அப்பாயியும் இந்தியக் கடவுச்சீட்டுடன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். அரசு ஏடுகளில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. 1983 முதல் கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சி வந்தவர்களே அகதிகள். நம் மாவட்டத்தில் லெணாவிளக்கு முகாமில் அவர்கள் வாழ்கின்றனர். இவ்விரு சாராரையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகின்றனர்.

"அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. நான் எந்த ஊர்க்காரி ஆத்தா?" என்று அப்பாயி சிரிப்பார். அச்சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ள முடிவதில்லை.

அன்புத் தோழியரே! அகதி என்பது இழிசொல் அன்று. அவர்களும் துயருற்ற நம் உடன்பிறப்புகளே. ஆயினும் ஒருவருக்கு நாமாக ஒரு நாட்டின் பெயரைச் சூட்டுமுன், அவர் கடந்து வந்த பாதையைக் கேட்டறிவோம்.