மனநலச் சிகிச்சை: காப்பீடு எதுவரை வரும்?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 21-ஆவது பிரிவு, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. நடைமுறையில் இந்தச் சமத்துவம் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையோடு நின்றுவிடுகிறது. பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் சாதாரண பாலிசி பணம் தரும். மாமல்லபுரத்திலிருந்து வாரத்தில் மூன்று, நான்கு நாள் சென்னைக்குப் போய், சில மணி நேர ஆலோசனையும் குழுப் பயிற்சியும் முடித்து மாலையில் வீடு திரும்புபவரின் சிகிச்சை, எவ்வளவு தீவிரமானதானாலும், புறநோயாளிக் கணக்கில்தான் சேரும்.

ஆகவே பாலிசியில் முதலில் தேட வேண்டியது 'ஓ.பி.டி.' (புறநோயாளி) பகுதி. அது இருந்தாலும் ஆண்டு வரம்பு சிறிதாக இருக்கலாம். மனநல மருத்துவரின் கட்டணம் சேர்ந்து, உளவியலாளரின் கட்டணம் விடுபடவும் கூடும். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவதே சரி. ஏஜென்டின் வாய்ச்சொல் கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

ஏற்கெனவே உள்நோயாளியாக இருந்தவருக்கு ஒரு வழி உண்டு. டிஸ்சார்ஜுக்குப் பின் பாலிசி குறிப்பிடும் நாட்களுக்குள், அதே நோய்க்கான தொடர் சிகிச்சை ரசீதுகளைக் கொடுக்கலாம். அந்தச் சிகிச்சையை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே மருத்துவர் எழுதித் தந்திருந்தால் வாதாட எளிது.

பாலிசி எடுக்கும்போது பழைய நோயை மறைத்தால் பாலிசியே ரத்தாகலாம். சொன்னால் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுதான்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வப் புகார். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணம் கிடையாது.

பாலிசி இல்லாதவர்கள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். தொலைபேசி ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416.